குலுக்கையும் உழவு மாடும்

(கோவில்பட்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



உடலியங்கியல் பாடம் நடத்திப் பழகிய ஆளை மேடையேற்றியிருக்கிறீர்கள். ஆகவே உடம்பைப் பற்றித்தான் பேசப்போகிறேன். சாப்பாடு போதாதபோது உடம்பு எதை எடுத்துச் செலவழிக்கிறது, கொழுப்பையா, தசையிலுள்ள புரதத்தையா? இதுவே இன்றைய பொருள். ஜிம்முக்குப் போகும் இளைஞர்களின் கேள்வி என்று சிலர் நினைக்கலாம். நம் சீமைக்கு இந்தக் கேள்வி வந்து ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன. அன்று கேட்டவர்கள் சர்க்கார் அதிகாரிகள். விடை என்னவாகுமோ என்று காத்திருந்தவர்கள் பஞ்ச நிவாரண வேலையில் கல்லுடைத்துக்கொண்டிருந்த சனங்கள்.

1876-இல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்லிவந்தது அதைத்தான். ஈசுவர வருஷத்துக்கும் நீண்டு, 1878 வரை ஆட்களை வாரிக்கொண்டு போயிற்று. பெல்லாரியும் சேலமும் பட்ட பாடு திருநெல்வேலிக்கு இல்லை என்பார்கள். தாமிரபரணி பாய்கிற பக்கத்துக்கு அது பொருந்தும். வானம் பார்த்த கரிசலுக்கு ஆறு ஏது? வைசிராய் லிட்டன், செலவைக் குறைக்கச் சர் ரிச்சர்ட் டெம்பிளைச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். டெம்பிள் கல்நெஞ்சர் என்று ஒரே வரியில் முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. 1874 பீகார் பஞ்சத்தில் பர்மா அரிசியை வரவழைத்து ஏராளமான உயிர்களைக் காத்தவரும் அவர்தான். அதற்காக ஊதாரி என்று ஏச்சு வாங்கினார். அந்த ஏச்சைச் சென்னையில் கழுவிக்கொள்ளப் பார்த்தார் என்பது என் கணிப்பு. நிவாரண வேலைக்கு வரும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று 1877 தொடக்கத்தில் விதி வந்தது. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதிலும் குறைவு. ஒரு ராத்தல் என்பது 454 கிராம்.

மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் இதை எதிர்த்தார். இம்மாகாணத்து மக்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்பது பற்றிய அறிக்கைகளை 1863-லேயே தொகுத்து வெளியிட்டவர் அவர். ஊர்ச் சாப்பாடு தெரிந்தவர். பாடுபடுகிற உடம்புக்கு ஒன்றரை ராத்தல் தானியம் வேண்டும், பருப்பும் காய்கறியும் தனியே வேண்டும் என்றார். 1877 மார்ச்சில் சென்னை அரசு பாதி இறங்கி வந்தது: ஒன்றேகால் ராத்தல் தானியம், ஒன்றரை அவுன்சு பருப்பு. ஒன்றரை அவுன்சு என்றால் 42 கிராம், ஒரு கைப்பிடி. இந்தப் பேச்சு முழுக்க அந்தக் கைப்பிடிப் பருப்பைப் பற்றியதுதான்.

உழைக்கிற உடம்பு எதை எரிக்கிறது என்பதில் அன்றைய விஞ்ஞானமும் குழம்பித்தான் இருந்தது. தசை வேலை செய்யும்போது தசைப் புரதமே எரிகிறது என்று ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் சொல்லிவைத்திருந்தார். 1865-இல் ஃபிக், விஸ்லிசேனஸ் என்ற இருவர் புரதமே இல்லாத உணவைத் தின்றுவிட்டுச் சுவிட்சர்லாந்தின் ஃபவுல்ஹார்ன் மலையில் ஏறினார்கள். சிறுநீரைச் சேர்த்துவைத்து அதிலிருந்த நைட்ரஜனை அளந்தார்கள். புரதம் எரிந்தால் அதிலிருக்கும் நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். ஏறிய உயரத்துக்குத் தேவையான சக்தியை அவ்வளவு சொற்பப் புரதம் கொடுத்திருக்க முடியாது என்று கணக்கு காட்டிற்று. அது சரியான முடிவு. நடந்தாலும் ஓடினாலும் எரிவது பெரும்பாலும் சர்க்கரையும் கொழுப்பும்தான்; புரதத்தின் பங்கு நூற்றுக்கு ஐந்தோ, மிஞ்சிப்போனால் பத்தோ. அப்படியானால் பட்டினியில் மட்டும் கை கால் ஏன் குச்சியாகிறது?

கரிசல் சம்சாரி வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். குலுக்கையில் தானியம் இருக்கும், தொழுவில் உழவு மாடு நிற்கும். பஞ்ச காலத்தில் குலுக்கையைத்தான் முதலில் திறப்பார்கள். ஆனால் தீர்வையையோ வட்டியையோ காசாகத்தான் கட்ட வேண்டும், தானியத்தை வாங்கமாட்டேன் என்று ஒருவன் வாசலில் உட்கார்ந்துவிட்டால், குலுக்கை நிறைய இருந்தும் மாட்டைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போகத்தான் வேண்டும். கொழுப்பு குலுக்கை, தசை மாடு. வாசலில் உட்கார்ந்திருக்கிறவன் மூளை.

மூளை நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் குளுக்கோஸ் கேட்கும். கல்லீரலில் கிளைகோஜன் என்கிற சேமிப்புச் சர்க்கரையின் இருப்பு 100 கிராம் அளவில். ஒரு நாள் பட்டினியில் அது காலி. தசையில் அதைப்போல நாலு மடங்கு உண்டு. ஆனால் அதைக் குளுக்கோஸாக்கி இரத்தத்தில் விடுவதற்கான நொதி தசையில் கிடையாது. தசை தன் தேவைக்கே வைத்துக்கொள்ளும். கொழுப்போ மலைபோல இருக்கிறது. ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் ஏழாயிரம் கலோரிக்கு மேல் இருக்கிறது, ஒரு கிலோ தசையில் ஆயிரம்கூடத் தேறாது. ஆனால் கொழுப்பு அமிலத்தைக் குளுக்கோஸாக்கும் வழி நம் உடம்பில் இல்லை. கொழுப்போடு ஒட்டியிருக்கும் கிளிசரால் துண்டிலிருந்து கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான். மிச்சத்துக்கு அமினோ அமிலம் வேண்டும், அது தசையில் இருக்கிறது. இதயத்துக்கும் கல்லீரலுக்கும் தசைக்கும் கொழுப்பே போதும். மூளைக்காகத்தான் தசை கரைகிறது. உடம்பு எதையோ தேர்ந்தெடுக்கிறது என்கிறோமே, அந்தத் தேர்வின் இலட்சணம் இதுதான்.

இதே ஓட்டத்தில் போனால் சில வாரங்களில் ஆள் முடிந்துவிடுவான். முதல் சில நாள்களில் தினம் 75 கிராம் புரதம் போகிறது. அது முந்நூறு கிராமுக்கு மேல் தசை. உடம்பிலுள்ள புரதத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் போனால் மூச்சுவிடும் தசைகள் தளரும், இருமிச் சளியைத் தள்ளத் தெம்பிருக்காது, நிமோனியா வந்து முடித்துவிடும். ஆனால் பட்டினி கிடந்தவர்கள் அவ்வளவு சீக்கிரம் சாகவில்லை. பாஸ்டனில் 1912-இல் லெவன்சின் என்ற மால்டாக்காரர் ஃபிரான்சிஸ் பெனடிக்டின் ஆய்வுக்கூடத்தில் 31 நாள் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு கிடந்தார். நாள் போகப் போக அவர் சிறுநீரில் நைட்ரஜன் குறைந்துகொண்டே வந்தது. ஏன் குறைந்தது என்பதற்கு விடை கிடைக்க ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1967-இல் அதே பாஸ்டனில் ஆலிவர் ஓவனும் ஜார்ஜ் கேஹிலும் வாரக்கணக்கில் பட்டினி இருந்த பருமனான நோயாளிகளின் மூளைக்குப் போகிற இரத்தத்தையும் மூளையிலிருந்து திரும்புகிற இரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூளை குளுக்கோஸைக் குறைத்துக்கொண்டு, கல்லீரல் கொழுப்பிலிருந்து செய்தனுப்பும் கீட்டோன்களை எரித்துக்கொண்டிருந்தது. தன் தேவையில் பாதிக்கு மேல் அதிலிருந்தே. மூளை மட்டும் குளுக்கோஸைத் தவிர எதையும் தொடாது என்றுதான் அதுவரை பாடப்புத்தகம் சொல்லிவந்தது. வாசலில் உட்கார்ந்தவன் காசை விட்டுத் தானியத்தை வாங்கிக்கொள்ளச் சம்மதித்துவிட்டான். புரத இழப்பு நாளுக்கு 20 கிராம் அளவுக்கு இறங்கிற்று.

இந்தப் பழக்கம் கைவர இரண்டு மூன்று வாரமாகும். ஆகவே தசைக்கு ஆபத்தானவை முதல் நாள்கள். இங்கே நம்மூர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கழுகுமலையிலும் திருச்செந்தூரிலும் கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கிறார்கள். பாலும் பழமும் எடுப்பவர்கள் உண்டு, மிளகை எண்ணி விழுங்கி இருப்பவர்களும் உண்டு. புரதம் மளமளவென்று போகிற ஆறு நாளும் அதுவே. இரண்டாம் உலகப் போரின்போது, படகில் தத்தளிக்கும் மாலுமிக்கு எதைக் கொடுத்துவைக்கலாம் என்று ஹார்வர்டில் ஜேம்ஸ் கேம்பிள் ஆராய்ந்தார். முழுப் பட்டினி கிடப்பவருக்கு நாளுக்கு 100 கிராம் குளுக்கோஸ் கொடுத்தாலே புரத இழப்பு ஏறத்தாழ பாதியாகிறது என்று கண்டார். மூளை கேட்பதில் பெரும்பகுதியை வெளியிலிருந்தே கொடுத்துவிட்டால் தசை தப்பிக்கும். விரதக்காரர்களுக்கு ஊற்றுகிறோமே பானகம், வெல்லம் கரைத்தது, அது இந்த வேலையைத்தான் செய்கிறது. அந்தக் காலத்து மனிதர் நொதியை அறிந்து பானகம் கரைத்தார் என்று நான் சொல்லமாட்டேன்; தாகத்துக்குக் கரைத்திருப்பார். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் விரதமும் இருக்கக்கூடாது, பானகமும் குடிக்கக்கூடாது.

விரதம் என்றதும் விருதுநகரை விட்டுவிட்டுப் போக முடியாது. தியாகி சங்கரலிங்கனார் சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது உள்ளிட்ட பன்னிரண்டு கோரிக்கைகளோடு 1956 ஜூலை 27-இல் உண்ணாவிரதம் தொடங்கினார். அப்போது வயது 61. எழுபத்தைந்து நாளுக்கு மேல் இருந்தார். மதுரை அரசு மருத்துவமனையில் அக்டோபர் 13 அன்று உயிர் பிரிந்தது. பெயர் மாற்றம் 1969 ஜனவரி 14-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, 1952-இல், பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் 58 நாள் இருந்து உயிர் துறந்தார். 1981-இல் வட அயர்லாந்துச் சிறையில் பத்துப் பேர் 46 முதல் 73 நாளுக்குள் இறந்தார்கள். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். அவர்களோடு வைத்துப் பார்த்தால் விருதுநகர்க்காரரின் உடம்பு நடத்திய சிக்கனம் திகைக்க வைக்கிறது. இந்த நாள்களின் எண்ணிக்கையை நிர்ணயிப்பது பெரும்பாலும் குலுக்கையின் இருப்புதான். கொழுப்பு ஏராளமாக உள்ளவர் இழக்கிற எடையில் தசையின் பங்கு சிறிது. ஒல்லியானவர் இழக்கிற ஒவ்வொரு கிலோவிலும் தசை கூடுதலாகப் போகும். கடைசியில் கொழுப்பு தீர்கிற நிலை வந்தால் உடம்பு மறுபடி புரதத்தின் மேல் பாயும். பிரான்சின் இவான் லெ மாஹோ அண்டார்க்டிக் பேரரசப் பெங்குவின்களில் இந்த மூன்று கட்டத்தையும் அளந்து காட்டியிருக்கிறார். முட்டையை அடைகாக்கும் ஆண் பறவை அந்த மூன்றாம் கட்டம் நெருங்கினால் முட்டையை விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடும். மனிதன் போவதில்லை.

டெம்பிளின் ராத்தலுக்குத் திரும்புவோம். 454 கிராம் அரிசியில் ஏறத்தாழ 1,600 கலோரி, முப்பது சொச்சம் கிராம் புரதம். மூளைக்குப் போதுமான மாவுச்சத்து அதில் இருக்கிறது. ஆகவே முழுப் பட்டினியின் கணக்கு இங்கே செல்லாது, இது அரைப்பட்டினி. உடம்பின் மொத்தச் செலவுக்கு வரவு பற்றாதபோது, சாப்பிட்ட புரதத்தையே உடம்பு அடுப்பில் போட்டுவிடும். தினம் கொஞ்சம் இடிந்து தினம் கட்டப்படுகிற சுவர் தசை. கட்டுவதற்கு வந்த செங்கல் அடுப்புக்குப் போனால் இடிகிற வேலை மட்டும் நடக்கும். இதற்குச் சாட்சி மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45-இல் ஆன்சல் கீஸ் நடத்திய சோதனை. போருக்குப் போக மனசாட்சி இடம் தராத இளைஞர்கள் 36 பேர், 24 வாரம். நாளுக்குக் கிடைத்தது 1,600 கலோரிக்குச் சற்றுக் கீழே. டெம்பிள் கொடுத்ததும் ஏறக்குறைய அதுதான்! புரதம் அவரது ராத்தலைவிடக் கூடுதல். வேலையோ வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடையும் சில்லறைப் பணியும்தான். எடையில் கால் பங்கு போயிற்று, கொழுப்பில் பெரும்பகுதி போயிற்று, தசையும் கூடவே கரைந்தது. அவர்கள் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், கூரைக்குக் கீழே படுத்தவர்கள், பக்கத்திலேயே மருத்துவர்கள். வெயிலில் கல்லுடைத்த நம் ஆட்கள் ஏற்கெனவே மெலிந்துபோய் வந்தவர்கள். கார்னிஷிடம் கீட்டோன் கணக்கு இல்லை, மினசோட்டா இல்லை. ஆனாலும் தானியத்தைக் கூட்டு, பருப்பையும் சேர் என்று இரண்டையும் ஒன்றாகக் கேட்டார். இரண்டில் ஒன்று மட்டும் கூடினால் பலன் பாதிதான் என்பதை இன்றைய அறிவும் மறுக்கவில்லை.

அந்த மினசோட்டா இளைஞர்களுக்கு மீண்டும் வயிறாரச் சாப்பாடு போட்டபோது கொழுப்பு முதலில் திரும்பிற்று. பழைய அளவைத் தாண்டியும் போயிற்று. தசை மெள்ளத்தான் வந்தது. மாடு விற்ற வீட்டில் அடுத்த மழைக்கு உழ மாடில்லை என்கிற கதை. வருஷத்துக்கு இரண்டு முறை பட்டினி போட்டு எடையைக் குறைத்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொள்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

காய்ச்சல் வந்தால் மேலே சொன்ன சிக்கனமெல்லாம் குலைந்துபோகும். தொற்றோடு போராடும் உடம்பு, கொழுப்பு கையில் இருந்தாலும் தசையை உருக்கும். காசநோயாளியைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஜார்க்கண்டில் காசநோயாளிகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் உணவுப் பொட்டலம் கொடுத்து நடத்திய ஆய்வு 2023-இல் லான்செட் இதழில் வந்தது. குடும்பத்தாருக்குப் புதிதாக நோய் வருவது சுமார் 40 சதவீதம் குறைந்தது. சிகிச்சையின் தொடக்கத்திலேயே எடை ஏறியவர்களில் சாவும் வெகுவாகக் குறைவு. தமிழ்நாட்டில் 2022 முதல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் என்று ஒன்று நடக்கிறது. நோய் தெரிந்தவுடனேயே மிக மெலிந்தவர்களைப் பிரித்தெடுத்து, தேவைப்பட்டால் வார்டில் சேர்த்துக் கவனிக்கிறார்கள். மாத்திரையோடு எடை பார்க்கும் மிஷினும் முக்கியம் என்று ஓர் அரசுத் திட்டம் ஒப்புக்கொண்டதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இன்றைய கரிசலில் பஞ்சம் இல்லை. 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். நம் வறட்சியில் விளைகிற கம்பும் சோளமும் குதிரைவாலியும் அன்றாடச் சோறாக இருந்த காலம் போய், அவை கடையில் பாக்கெட்டாகத் தொங்குகின்றன. கம்பில் நூறு கிராமுக்கு 11 கிராம் புரதம், அரிசியில் 8. 1901 முதல் இதே ஊரில் இருக்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்தத் தானியங்களுக்கும் பயறுகளுக்கும் எவ்வளவோ பாடுபட்டிருக்கிறது, தட்டில்தான் காணோம். ரேஷனில் மலிவு விலையில் மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு தருகிறார்கள். நாலு பேர் குடும்பமானால் தலைக்கு நாளுக்கு எட்டு கிராம் சொச்சம். 1877-இன் பஞ்சப் படியில் 42 கிராம்! பல வீட்டில் கடையில் வேறு பருப்பு வாங்குகிறார்கள், முட்டை உண்டு, பால் உண்டு, கருவாடு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தனியாக இருக்கும் எழுபது வயது ஆச்சி காலையில் காப்பி, மத்தியானம் சோறும் இரசமும், இராத்திரி இரண்டு இட்லி என்று முடித்துக்கொள்கிறாள். தட்டில் சோற்றுக்குக் குறைவில்லை, ஆச்சியின் கைதான் மெலிகிறது.

இன்னொரு உருவமும் நம் தெருவில் உலவுகிறது: கை கால் ஒல்லி, வயிறு மட்டும் பானை. புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இலண்டனின் ஜான் யட்கினும் 2004-இல் லான்செட்டில் தங்கள் இருவர் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. இங்கிலாந்துக்காரர் உடம்பில் கொழுப்பு 9 சதவீதம், இந்தியர் உடம்பில் 21. குலுக்கை பெரிது, தொழு சிறிது. தீப்பெட்டியாபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கும், கணினி முன் அமர்ந்திருக்கும் அவர் மகனுக்கும் இது பொருந்தும். இப்படிப்பட்டவர் சர்க்கரை நோய்க்குப் பயந்து சோற்றை மட்டும் வெட்டினால் கொழுப்பும் போகும், இல்லாத தசையும் போகும். எடை குறைக்கும் ஊசிகள் இப்போது நம் மருந்துக் கடைக்கே வந்துவிட்டன. அவற்றால் குறையும் எடையில் கொழுப்பல்லாத திசுவின் பங்கு நாலில் ஒன்றிலிருந்து ஐந்தில் இரண்டு வரை என்று ஆய்வுகள் சொல்கின்றன.

எதைச் செய்தால் கொழுப்பு மட்டும் போகும்? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று. நாற்பது இளைஞர்கள், நாலு வாரம், தேவைக்கு 40 சதவீதம் குறைவான சாப்பாடு, கடும் பளுப் பயிற்சி. உடல் எடையில் கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் எடுத்தவர்கள் 4.8 கிலோ கொழுப்பை இழந்தார்கள். கொழுப்பல்லாத எடை 1.2 கிலோ கூடிற்று. பாதி புரதம் எடுத்த மற்றக் குழு 3.5 கிலோ கொழுப்பை இழந்தது. தசை கூடவுமில்லை, குறையவுமில்லை. பளுப் பயிற்சி மட்டுமே அதைக் காப்பாற்றியிருக்கிறது. பாரம் தூக்குகிற தசையை உடம்பு எளிதில் கைவிடாது. அந்த இளைஞர்களின் அளவு ஆச்சிக்குத் தேவையில்லை. முதியவருக்குக் கிலோவுக்கு ஒன்று முதல் ஒன்றேகால் கிராம் போதும், சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவர் சொல்கிறபடி. நம்மூர் ஹாக்கிப் பிள்ளைகள் காலையில் புல்தரையில் ஓடிவிட்டு வந்து என்ன சாப்பிடுகிறார்கள் என்று பயிற்சியாளர்கள் பார்க்க வேண்டும். கடலைமிட்டாய் போதுமா என்று என்னிடம் கேட்கிறார்கள். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் பண்டத்தை நான் குறைசொன்னால் மேடையிலிருந்து இறங்க விடமாட்டீர்கள். நிலக்கடலையில் நூற்றுக்கு 25 புரதம், பாதி கொழுப்பு. மிட்டாயில் மிச்சம் வெல்லம். ஆடி முடித்த பையனுக்கு நல்லது. அவனுடைய அப்பாவுக்கு அவித்த கடலை நல்லது, ஒரு கைப்பிடி.

கடைசியாக ஒரு விண்ணப்பம். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021 முதல் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் கொண்டுவரும் பையில் ஒரு தையல்காரர் டேப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். கெண்டைக்காலின் பருத்த இடத்தில் சுற்றளவு ஆணுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 33-க்கும் கீழே இருந்தால் தசை குறைந்திருக்கலாம் என்று ஆசிய நாடுகளின் நிபுணர் குழு 2019-இல் வரையறுத்திருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனாலும் கவனிக்க வேண்டும். கூட்டம் முடிந்ததும் வாசலில் டேபிள் போட்டு நம் செவிலியர் மாணவியர் இரண்டையும் அளந்து தருவார்கள். அறுபதைக் கடந்தவர்கள் முதலில் வாருங்கள். வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் கட்டிக்கொண்டு வந்தால் வேலை சுலபம்.